மாடு மேயும் ஏரி நிலமா, நீரா?

தடா பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பழவேற்காடு ஏரி ஆந்திர எல்லைக்குள் கோடையில் பெருமளவு வற்றிவிடுகிறது. படகு போன இடத்தில் மாடு மேய்கிறது. அந்த இடம் இந்தியாவின் பரப்பளவில் சேர்த்தியா? அப்படியானால் நாட்டின் பரப்பு மாதத்துக்கு மாதம் மாறாதா?”

பள்ளியில் படித்த 32,87,263 சதுர கி.மீ. என்ற எண், நம் எல்லைக்கோட்டுக்குள் அடங்கும் எல்லாவற்றையும் சேர்த்தது. ஆறு, ஏரி, அணை எல்லாம் உள்ளே. பாகிஸ்தான், சீனாவின் பிடியில் உள்ள பகுதிகளும் அதில் அடக்கம். ஏரி வற்றினாலும் நிறைந்தாலும் இந்த எண் அசையாது. அது அசைய எல்லை மாறவேண்டும், அல்லது புதிதாக அளக்கவேண்டும். 1961இல் கோவா, 1975இல் சிக்கிம், 2015இல் வங்கதேசத்தோடு திட்டுகளைப் பரிமாறிக்கொண்டது எல்லாம் அப்படிப்பட்ட மாற்றங்கள். 1960இல் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்ததில் நாட்டுக் கணக்கில் ஒரு சென்ட்கூடக் கூடவில்லை.

ஆனால் ‘நிலப்பரப்பு’ என்று தனியாக ஒரு கணக்கு உண்டு. உள்நாட்டு நீர்நிலைகளைக் கழித்த பிறகு மிஞ்சுவது அது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் அட்டவணையில் இந்தியாவுக்கு 29,73,190 சதுர கி.மீ. கழிந்துபோனது மட்டும் இரண்டு தமிழ்நாட்டுக்கு மேல்! வாசகர் சொல்லும் மாடுகள் இந்தியாவின் மொத்தப் பரப்பில் நிற்கின்றன. ஏரி என்று குறித்த இடம் என்பதால் ‘நிலம்’ என்ற கணக்கில் பொதுவாக வராது. எனக்கு உறுத்துவது, அந்த எண் பல பத்தாண்டுகளாக அட்டவணையில் அப்படியே நிற்பதுதான். பழவேற்காடு ஏரியோ ஒரே வருஷத்தில் ஏறக்குறைய 250 சதுர கி.மீ.க்கும் 450க்கும் இடையே சுருங்கி விரிகிறது.

சரி, இந்த ஏற்ற இறக்கத்தை எப்படி அளப்பது? செயற்கைக்கோள் படம் எடுக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சாதாரணப் படத்தில் கலங்கிய ஆழமில்லாத நீரும் சகதியும் ஒரே பழுப்பு நிறத்தில்தான் தெரியும். இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத குற்றலை அகச்சிவப்பு ஒளி கைகொடுக்கிறது. அதன் அலைநீளம் சுமார் 1.6 மைக்ரோமீட்டர். நீர் மூலக்கூறில் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் இணைக்கும் பிணைப்பு இந்த ஒளியை வாங்கி அதிரத் தொடங்குகிறது; ஒளி வெப்பமாகிக் காணாமல் போகிறது. அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். உள்ளே போய், அடிச்சேற்றில் பட்டு, திரும்பி வெளியே வருவதற்குள் கிட்டத்தட்ட எல்லாமே உறிஞ்சப்பட்டுவிடும். கணுக்கால்கூட நனையாத தண்ணீர், 700 கி.மீ. உயரத்திலிருந்து பார்த்தால் கன்னங்கரேல் என்று தெரிகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஈரச் சேறும் கறுப்பாகத்தானே தெரியும்? அதற்கும் வழி இருக்கிறது. பச்சை ஒளியின் அளவிலிருந்து அகச்சிவப்பின் அளவைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கிறார்கள். உதாரணத்துக்கு, நீர் பச்சையில் 8 சதவீதமும் அகச்சிவப்பில் 1 சதவீதமும் திருப்பி அனுப்பினால் விடை +0.78. காய்ந்த மண் பச்சையில் 12, அகச்சிவப்பில் 30 அனுப்பினால் −0.43. ஈரச் சேறு இரண்டுக்கும் நடுவில் விழும். எங்கே கோடு கிழிப்பது என்பதில்தான் ஆய்வாளரின் அனுபவம் இருக்கிறது. வகுப்பதில் இன்னொரு லாபம்: வெயில் கூடினாலும் குறைந்தாலும் பின்னத்தின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் சேர்ந்தே மாறுவதால் விகிதம் அவ்வளவாகக் கெடாது.

அப்புறம் எண்ணவேண்டியதுதான். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது சுமார் 22 சென்ட். ஐரோப்பிய ஆய்வாளர்கள் 1984 முதல் 2015 வரையிலான சுமார் 30 லட்சம் படங்களை அலசி, உலகின் ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை சதவீத நேரம் நீர் நின்றது என்று வரைபடமே போட்டுவிட்டார்கள். 2008இல் அமெரிக்கா அந்தப் படங்களை இலவசமாகத் திறந்துவிட்டதால்தான் இது முடிந்தது. மக்கள் வரிப்பணத்தில் எடுத்த படத்தை மக்களுக்கே விலைக்கு விற்பது ஆராய்ச்சியின் கழுத்தை நெரிப்பது என்பது என் உறுதியான கருத்து. ஒரு புள்ளி 5 மீட்டரோ அதைவிடப் பெரிதோ ஆன தரவு இலவசம் என்று நம் 2023 விண்வெளிக் கொள்கை சொல்வது மனதாரப் பாராட்டவேண்டியது. அந்தத் தரவை ஏரிக்கரைப் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கவும் பணம் ஒதுக்கவேண்டும்.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும் நாட்களில்தான் மேகம் மூடிக்கொள்கிறது. அகச்சிவப்பு மேகத்தைத் தாண்டாது. ரேடார் தாண்டும். அலையடிக்காத நீர்ப்பரப்பு ரேடார் அலையை வேறு பக்கம் தெறிக்கவிடுவதால் படத்தில் கறுப்பாக விழும். இதற்குத் தோதான நம் இஓஎஸ்-04 ரேடார் செயற்கைக்கோள் 2022 பிப்ரவரியில் கிளம்பியது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. பழவேற்காடு ஏரியையும் வங்கக்கடலையும் பிரித்து நிற்கும் தீவு அதுதான்.