சுடுதண்ணீரும் 400 வெள்ளிப் பற்றுச்சீட்டும்

குளிர்நாட்டில் வீட்டையே சூடேற்ற வேண்டும். சிங்கப்பூரில் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. குளியலறை ஹீட்டர் மட்டும்தான். அதுவும் சும்மா இல்லை. 3.3 கிலோவாட் ஹீட்டரை முழுச் சூட்டில் 10 நிமிடம் ஓடவிட்டால் 0.55 யூனிட். நாலு பேர் தினமும் குளித்தால் மாதம் 66 யூனிட். இங்கே மின்சாரம் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவை எரித்து வருவதால் யூனிட்டுக்குச் சுமார் 0.4 கிலோ கரியமில வாயு. ஆக மாதம் 26 கிலோ.

இதைக் குறைக்கத்தான், மின்சாரமும் தண்ணீரும் மிச்சப்படுத்தும் சாதனம் வாங்க அரசு தரும் பருவநிலைப் பற்றுச்சீட்டு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு 2024 ஏப்ரலில் 300 வெள்ளி கொடுத்தார்கள்; 2025 ஏப்ரல் 15 முதல் இன்னும் 100. தனியார் வீடுகளுக்கு அன்றிலிருந்து 400. வீட்டில் ஒருவராவது சிங்கப்பூரர் இருக்க வேண்டும். 2027 டிசம்பர் 31 வரை செல்லும். 300ஐ முன்பே எடுத்தவர்கள் கூடுதல் 100ஐத் தனியாகக் கோர வேண்டும். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

வீட்டில் ஒருவர் சிங்பாஸ் (அரசின் இணைய அடையாளக் கணக்கு) மூலம் கோரினால் போதும். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைக் குடும்பத்தாருக்கு அனுப்பலாம். திட்டத்தில் சேர்ந்த கடைக்கு நேரில் போய், பணம் கட்டுமுன் காட்டுங்கள். எந்த மாடல் தகுதி பெறும் என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது: சாதனத்தின் லேபிளில் சிக்கனத்தைக் காட்டும் குறிதான் டிக்; ஏர்கானுக்கு 5 டிக், ஷவருக்கு 3 டிக் வேண்டும். மீதியைக் காசாகத் தரமாட்டார்கள்.

சுடுதண்ணீர்ச் சாதனத்தில் பற்றுச்சீட்டுக்குத் தகுதியான பட்டியலில் இருப்பது ஹீட் பம்ப். சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீரில் சேர்ப்பதால், சாதாரண ஹீட்டரின் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே போதும். ஆனால் தொட்டிக்கும் காற்றோட்டத்துக்கும் இடம் வேண்டும்; சின்ன வீட்டில் வாங்கிவிட்டு வைக்க இடம் தேடாதீர்கள்.

எங்கள் கணக்கில் முதலில் மாற்ற வேண்டியது ஷவர். 3 டிக் ஷவர் நிமிடத்துக்கு 5 லிட்டருக்கு மேல் விடாது. அந்த ஓட்டத்தில் 3.3 கிலோவாட் ஹீட்டர் தண்ணீரை 9 பாகை போலச் சூடேற்றும். 28 பாகைத் தண்ணீர் 37ஐத் தொடும். பழைய ஷவரின் 9 லிட்டரில் 5 பாகைதான் ஏறும். சூடு போதவில்லை என்று குமிழைத் திருகிக்கொண்டே நிற்பது அதனால்தான். ஒரு எச்சரிக்கை: தண்ணீர் அழுத்தம் குறைவான வீட்டில் ஓட்டம் மிகவும் மெலிந்தால் ஹீட்டரின் உள் சுவிட்ச் இயங்காது, பச்சைத் தண்ணீர்தான் வரும். வாங்குமுன் ஒரு நிமிடம் வாளியில் பிடித்து அளந்து பாருங்கள்.