பொனான்சா: கடலில் பிறந்து மலையேறிய சொல்

ஜவுளிக்கடை வாசலில் 'ஆடி பொனான்சா', 'தீபாவளி மெகா பொனான்சா' என்று பதாகை தொங்கும். இரண்டு சேலை எடுத்தால் ஒரு டிபன் பாக்ஸ் இலவசம். அங்கே இந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள். நிலவியல் படித்தவர் காதில் அது வேறு மாதிரி விழும். மலைப்பாறையின் வெடிப்புகளில் கொடி போல ஓடும் குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லில், திடீரென்று தங்கமும் வெள்ளியும் மண்டிக்கிடக்கும் இடம்தான் அவருக்குப் பொனான்சா.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொனான்சாவில் 'பொன்' கேட்பது தற்செயல்தான். நம் பொன்னுக்கும் இதற்கும் உறவில்லை. இது ஸ்பானிய மாலுமிகளின் சொல், அலையடங்கிக் கிடக்கும் கடலைக் குறிப்பது. கிரேக்கத்தில் 'மலக்கியா' என்றால் மென்மை. லத்தீன் அதை வாங்கி அமைதியான கடலுக்கு வைத்தது. ஆனால் லத்தீன் காதுக்கு 'மல்' என்றால் கெட்டது. நல்ல கடலுக்குக் கெட்ட பேரா என்று யாருக்கோ உறுத்தியிருக்க வேண்டும். 'மல்' போய், நல்லது என்று பொருள்படும் 'பொன்' வந்து உட்கார்ந்தது.

மெக்சிகோவின் வெள்ளிச் சுரங்கக்காரர்கள் இந்தக் கடற்சொல்லைப் பாறைக்குள் இறக்கினார்கள். பாறையில் ஓடும் தாதுக்கொடி அள்ளிக் கொடுக்கும் காலத்தில் சுரங்கம் 'பொனான்சாவில்' இருக்கிறது என்பார்கள். வெறும் கல்லாக வந்தால் 'பொராஸ்காவில்'. பொராஸ்கா என்றால் புயல்.

இந்தச் சொல்லை உலகறியச் செய்தது அமெரிக்காவின் நெவாடாவிலுள்ள டேவிட்சன் மலைச்சரிவு. 1859இல் அங்கே மண்ணை அலசித் தங்கம் எடுத்தவர்களுக்குப் பெரிய தொல்லை, நீலக்கருப்பாக ஒரு கனத்த சேறு. சலிப்புப் பெட்டியை அடைத்துக்கொள்ளும். திட்டிக்கொண்டே தூக்கி எறிந்தார்கள். அதில் கொஞ்சத்தைக் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பிச் சோதித்தபோது டன்னுக்கு சுமார் 3,000 டாலர் வெள்ளி இருந்தது! காம்ஸ்டாக் என்று பெயர்பெற்ற அந்தக் கொடியில், 1873இல் கன்சாலிடேட்டட் வர்ஜீனியா சுரங்கத்தின் சுமார் 1,200 அடி ஆழத்தில் 'பிக் பொனான்சா' அகப்பட்டது. அதன் மதிப்பு 10 கோடி டாலரைத் தாண்டியது. 1880 வாக்கில் பொராஸ்கா வந்துவிட்டது.

சரி, ஒரே கொடியில் ஓரிடத்தில் மட்டும் ஏன் இப்படிக் குவிகிறது? எரிமலைப் பகுதிகளில் ஆழத்துச் சுடுநீர் வெடிப்புகள் வழியே மேலேறும். அந்த நீரில் தங்கம் பெரும்பாலும் கந்தகத்தோடு கைகோத்துக் கரைந்திருக்கும். மேலே வர வர அழுத்தம் குறைந்து நீர் கொதிக்கும். கந்தகம் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயுவாக ஆவியோடு ஓடிவிட, துணையிழந்த தங்கம் அங்கேயே படிந்துவிடும். பொனான்சா என்பது பெரும்பாலும் அந்தப் பழைய கொதிநிலை மட்டம். அதனால்தான் கொடியைத் தேடுகிறவர் தங்கத் துணுக்கை மட்டும் பார்ப்பதில்லை. தகடு தகடாகக் குறுக்கும் நெடுக்கும் நிற்கும் குவார்ட்ஸைக் கண்டால் கண் விரியும். கொதித்த இடத்தில் படிந்த கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமத் தகடுகளின் இடத்தைப் பின்னால் குவார்ட்ஸ் பிடித்துக்கொண்டதன் தடயம் அது.

சுரங்க நிறுவன அறிக்கைகளில் 'பொனான்சா தரம்' என்று, அதாவது டன்னுக்கு ஏராளமான தங்கம் என்று, வந்தால் கூடவே கொடியின் அகலத்தையும் பாருங்கள். ஜப்பானின் ஹிஷிகாரியில் 1981இல் போட்ட துளையில் டன்னுக்கு 290 கிராம் தங்கம் கிடைத்தது, ஆனால் வெறும் 15 சென்டிமீட்டருக்கு. ஆள் நுழைந்து வெட்ட ஒன்றரை மீட்டர் அகலம் எடுத்தால், மற்றதெல்லாம் வெறும் கல் என்று வைத்தால், டன்னுக்குச் சராசரி 29 கிராமாகக் குறைந்துவிடும். (ஹிஷிகாரி உண்மையிலேயே பொனான்சாதான், 29 கிராமே பல சுரங்கங்கள் கனவு காணும் தரம்.)

தமிழில் என்ன சொல்லலாம்? அகராதிப் பாணியில் 'பெருவளம்', 'பேராதாயம்' என்று எழுதலாம். தப்பில்லை, உயிரும் இல்லை. கனிமத்தைச் சொல்லும் இடத்தில் நான் 'செழுந்தாது' என்பேன். பழம்பாட்டு படித்தவருக்கு அது மகரந்தமாகத் தோன்றும், பரவாயில்லை. பேச்சுப் பொருளுக்கோ நம்மிடம் அச்சுஅசலான சொல் முன்பே இருக்கிறது: 'அவன் காட்டில் மழை'. இந்தக் காடு புஞ்சைக் காடு. மாலுமிக்கு அடங்கிய கடல், மானாவாரிக்காரனுக்குப் பெய்யும் மழை. இரண்டும் வானிலைதான், இரண்டும் நம் கையில் இல்லை. பதாகைக்காரர் 'ஆடி மழை' என்று போட்டிருந்தால் எல்லாருக்குமே புரிந்திருக்கும்.