பேனாவை எடுத்தால் எழுத்து முடிந்தது

பழைய கையடக்கக் கணினிகளில் எழுதுவதற்கு ஏன் தனியாக ஓர் எழுத்துமுறையைப் பழக வேண்டியிருந்தது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். விடை, ஜெஃப் ஹாக்கின்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளரிடம் இருக்கிறது.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்த ஹாக்கின்ஸ், 1989இல் வெளிவந்த கிரிட்பேட் என்ற பேனாக் கணினியை உருவாக்கியவர். 1992இல் பாம் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த கருவி சட்டைப்பையில் அடங்க வேண்டும் என்பதற்காக, அந்த அளவுக்கு ஒரு மரத்துண்டை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது சந்திப்புக்கு நேரம் கேட்டால் மரத்துண்டை வெளியே எடுத்து, உணவுக் குச்சியால் அதன்மேல் எழுதுவதுபோல் எழுதிப் பார்ப்பார்.

கையெழுத்தைக் கணினி படிப்பதில் பெரிய சிக்கல், ஓர் எழுத்து எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதுதான். 1993இல் வந்த ஆப்பிள் நியூட்டன் என்ற கையடக்கக் கணினி, அவரவர் கையெழுத்தை அப்படியே படிக்க முயன்று தடுமாறியது. ஹாக்கின்ஸ் 1994இல் தந்த கிராஃபிட்டி முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரே இழுப்புதான். குறுக்குக் கோடில்லாமல் கூரைபோல் வரைந்தாலே 'ஏ' ஆகிவிடும். பேனா திரையை விட்டு எழுந்ததும் எழுத்து முடிந்தது என்று கருவிக்குத் தெரிந்துவிடுவதால், எழுத்துகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் எழுதலாம், சிறிய திரையே போதும். இதைவிட எனக்குப் பிடித்தது, கருவி உருவத்தை மட்டும் பார்க்காமல் பேனா சென்ற திசையையும் பார்த்தது என்பதே. இடமிருந்து வலமாக இழுத்த கோடு இடைவெளி. அதே கோட்டை வலமிருந்து இடமாக இழுத்தால் முந்தைய எழுத்து அழியும். தாளில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்; கருவிக்கோ அவை வெவ்வேறு கட்டளைகள். தெளிவின்மையை எழுதுபவரே நீக்கிவிட்டதால் கணக்கிடும் வேலை வெகுவாகக் குறைந்தது. 1996இல் 299 டாலருக்கு வந்த பாம் நிறுவனத்தின் கையடக்கக் கணினி பைலட் 1000, வெறும் 128 கிலோபைட் நினைவகத்தையும் இரண்டு சிறிய பேட்டரிகளையும் வைத்துக்கொண்டு கையெழுத்தைப் படித்தது இப்படித்தான்.

ஹாக்கின்ஸின் முதல் ஆசையோ மூளை ஆய்வு. அதற்காகவே 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்; அவருடைய ஆய்வுத் திட்டம் ஏற்கப்படாததால் கணினித் தொழிலுக்குத் திரும்பினார். அடிப்படைக் கேள்வியோடு வரும் இளைஞருக்குச் சில ஆண்டுகள் பொறுத்து நிதி தருவது பல்கலைக்கழகங்களின் கடமை என்றே நான் கருதுகிறேன். தொழிலில் வென்ற பிறகு, 2002இல், ரெட்வுட் நரம்பியல் ஆய்வு நிறுவனத்தை அவரே தொடங்கி, விட்ட இடத்திலிருந்து மூளையை ஆராயத் தொடங்கினார்.