அட்டையைக் குறை சொல்வதற்கு முன்

யாங்கோனில் இணையம் தடுமாறினால் தமிழர், பர்மியர், சீனர் என்ற வேறுபாடில்லாமல் எல்லோர் வாயிலும் வருவது ஒரே வாக்கியம்: "லைன் மகௌங்பூ." லைன் நன்றாக இல்லை என்று பொருள். அதைச் சொல்லிவிட்டால் பழி முழுவதும் இணைய நிறுவனத்தின் தலையில் ஏறிவிடும், நாம் டீ குடிக்கப் போகலாம். என் மேசைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் அதற்கு அடுத்த படிக்குப் போனவர்கள். கைபேசியில் லைன் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் வரவில்லை. ஆகவே லேப்டாப்புக்குள் வைஃபையைக் கவனிக்கும் சிறிய சில்லுப் பலகையான வைஃபை அட்டை செத்துவிட்டது என்று தாங்களே தீர்ப்பு எழுதி, புது அட்டையையும் வாங்கிக்கொண்டு வந்து, "சயா, இதை மாட்டிக் கொடுங்கள்" என்பார்கள். சயா என்றால் வாத்தியார். இந்த ஊரில் திருப்புளி பிடித்தவனுக்கும் அந்த மரியாதை கிடைக்கும்.

என் அனுபவத்தில் அட்டை அவ்வளவு எளிதில் சாவதில்லை. அதில் சுழலும் பாகம் கிடையாது, தேய்வதற்கும் ஒன்றுமில்லை. சாவது பெரும்பாலும் அதைச் சுற்றியிருப்பவை.

போன மழைக்காலத்தில் ஒரு டீச்சரம்மா வந்தார். மாலையில் பிள்ளைகளுக்கு இணையம் வழியாகப் பாடம் நடத்துபவர். வேறொரு கடையில் இரண்டு முறை அட்டை மாற்றியாயிற்று. மாற்றிய இரண்டு நாள் நன்றாக ஓடும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. நான் லேப்டாப்பைத் திறக்காமல், திரையை எந்த அளவுக்குச் சாய்த்து வைத்துப் பாடம் எடுப்பீர்கள் என்று கேட்டேன். விசித்திரமான கேள்வி என்பது போலப் பார்த்தார். திரையைப் பாதி மூடியபடி பிடித்தால் வைஃபைக் குறியில் நான்கு கோடும் நிற்கின்றன. மெல்ல விரித்துக்கொண்டே போனேன். செங்கோணத்தைத் தாண்டியதும் ஒரே ஒரு கோடு மிஞ்சியது. மறுபடி மடக்கினால் நான்கு.

விஷயம் இதுதான். வைஃபை அலையை வாங்குவது அட்டை என்று நினைக்கிறோம். வாங்குவது ஆன்டெனா, அது பெரும்பாலான லேப்டாப்களில் திரையின் மேல் விளிம்பில், சட்டத்துக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. அங்கிருந்து ஈர்க்குச்சியைவிட மெல்லிய இரண்டு வயர்கள் திரையின் ஓரமாக இறங்கி, கீலுக்குள் நுழைந்து, விசைப்பலகைக்கு அடியில் இருக்கும் அட்டைக்கு வருகின்றன. ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் கீலுக்குள் அந்த வயர் முறுக்கப்படுகிறது. நடுக்கம்பியும் அதைச் சுற்றிய கம்பி வலையும் ஒன்றையொன்று தொடக்கூடாது. வருடக்கணக்கில் முறுக்குப்பட்டு, இடையிலுள்ள காப்பு நைந்து, இரண்டும் தொட்டுக்கொண்டால் அட்டைக்குச் செவிடு பிடித்ததுபோல் ஆகிவிடும். அட்டை மாற்றும்போது வயரைக் கொஞ்சம் அசைப்பதால் இரண்டு நாளைக்குச் சரியாகும். டீச்சரம்மா இரண்டு முறை பணம் கொடுத்தது அந்த அசைவுக்குத்தான்.

ஏன் அந்தக் கடையில் வயரைப் பார்க்கவில்லை? காரணம் எனக்குத் தெரியும், நானும் இதே தொழிலில் இருப்பவன்தானே. அட்டை மாற்றப் பத்து நிமிடம் போதும். வயர் மாற்ற வேண்டுமானால் திரையின் சட்டத்தைப் பெயர்த்து, கீலைக் கழற்றி, பழைய வயர் போன வழியிலேயே புதியதை நுழைத்து எடுக்க அரை நாள் ஆகும். அட்டைக்குப் பணம் கொடுக்கும் வாடிக்கையாளர், கூலிக்குக் கொடுக்க மூக்கால் அழுவார். ஆகவே, உங்கள் லேப்டாப்பில் வைஃபை வந்து வந்து போனால், கடைக்கு வருவதற்கு முன் திரையை அசைத்துப் பாருங்கள். காசு கேட்காத சோதனை.

சுத்தமாக வைஃபையே காணவில்லை என்றால் அது வேறு கதை. விமான நிலை (ஏரோபிளேன் மோட்) போடப்பட்டிருக்கிறதா, பழைய வகையாக இருந்தால் பக்கவாட்டில் சிறிய தள்ளுவிசை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், அந்த விசையைத் தள்ளிவிட்டதற்கு மட்டும் கூலி வாங்க மனம் வராமல் எத்தனையோ பேரைச் சும்மா அனுப்பியிருக்கிறேன். அடுத்தது நம் ஊர் மின்சாரம். போன விளக்கு திரும்பி வந்ததும் தெருவே "மீ லா பீ!" என்று கத்துமே, அந்த நொடியில் பாயும் ஏற்ற இறக்கத்தில் அட்டை மயங்கிப்போவதுண்டு. அணைத்துப் போட்டாலும் சரியாவதில்லை. விண்டோஸில் வேகத் தொடக்கம் என்ற வசதி இருந்தால் 'ஷட் டவுன்' என்பது முழு அணைப்பு கிடையாது, அரைத் தூக்கம்தான். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள், பேட்டரி வெளியே எடுக்கக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மயங்கிய அட்டைகளில் பல இதற்கே கண் விழித்துவிடும்.

இன்னொரு வகை உண்டு. இதில் நானே ஒரு வாரம் ஏமாந்திருக்கிறேன். யாங்கோனின் தாமுவே பகுதியில் ஒரு வீடு. வீட்டிலுள்ள கைபேசிகள் எல்லாம் ரூட்டரைப் பார்க்கின்றன. ஐயா வைத்திருக்கும் பழைய லேப்டாப்புக்குப் பக்கத்து வீட்டு ரூட்டர்கள்கூடத் தெரிகின்றன, சொந்த வீட்டு ரூட்டர் தெரியவில்லை. சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. அட்டையை மாற்றலாம் என்று நானே சொல்லிவிட்டேன். பிறகுதான் உறைத்தது. வைஃபை ஓடும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பெரும்பாலான நாடுகளில் 13 சேனல்கள், அதாவது பாதைகள், உண்டு, அமெரிக்காவில் 11தான் வழக்கம். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த அட்டை 12, 13 ஆகிய சேனல்களைப் பெரும்பாலும் காணாது. வெளிநாட்டில் பயன்படுத்திக் கழித்து இங்கே வந்து விற்பனையாகும் லேப்டாப்களில் அப்படிப்பட்ட அட்டைகள் இருக்கலாம். ரூட்டரோ தானாகச் சேனல் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருந்தது. நெரிசல் இல்லாத இடம் தேடி 13க்குப் போய் உட்கார்ந்த நாளெல்லாம் லேப்டாப்புக்கு அமாவாசை. ரூட்டரில் சேனலை 6 என்று நிறுத்தி வைத்தேன். வாங்கிய புது அட்டையைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க நான்தான் போய்க் கெஞ்ச வேண்டியிருந்தது.

அப்படியானால் அட்டை மாற்றவே கூடாதா? மாற்றலாம், காரணம் இருந்தால். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் அறிந்த பழைய மலிவு அட்டை இருந்தால் மாற்றுவது நல்ல செலவு. நகர நடுவில் ஒட்டி ஒட்டி நிற்கும் அடுக்கு மாடிகளில் ஒரு வீட்டில் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்தால் முப்பது ரூட்டர்களின் பெயர் வரும். அத்தனையும் மீன் சந்தை போல அதே அலைவரிசையில் கத்துகின்றன. 5 ஜிகாஹெர்ட்ஸ் தெரிந்த அட்டை அந்தச் சந்தையைவிட்டு வெளியே வந்துவிடும். ஆனால் சுவர்களை ஊடுருவுவதில் 5 ஜிகாஹெர்ட்ஸ் சற்றுப் பலவீனம். முன்னறையில் ரூட்டரை வைத்துக்கொண்டு பின்கட்டுச் சமையலறையில் பாய்ச்சலை எதிர்பார்க்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் அடிமூடியைத் திறந்து, இப்போது இருக்கும் அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருடத்துக்கு முந்தைய லேப்டாப்களில் பெரும்பாலும் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ், 30 மில்லிமீட்டர் அகலம். இப்போதுள்ளவற்றில் எம்.2, 22 மில்லிமீட்டர் அகலம், 30 நீளம். அதனால்தான் 2230 என்கிறார்கள். ஒன்று மற்றொன்றில் நுழையாது. மிக மெல்லிய சில லேப்டாப்களில் அட்டையே கிடையாது, சில்லு மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு யுஎஸ்பியில் செருகும் வைஃபைதான் வழி.

நுழைந்தாலும் வேலை செய்யும் என்று உறுதியில்லை. இங்கேதான் அதிகப் பணம் வீணாவதைப் பார்க்கிறேன். ஒரு தம்பி, ஏஎம்டி நிறுவனத்தின் செயலிச் சில்லு உள்ள லேப்டாப்பைக் கொண்டுவந்தான். இன்டெல் ஏஎக்ஸ் 211 அட்டையைத் தானே வாங்கி, தானே மாட்டியிருக்கிறான், கச்சிதமான வேலை. ஆனால் லேப்டாப் அப்படி ஒரு அட்டை இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மூன்று இரவு, அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவரை இறக்கி இறக்கிப் போட்டுப் பார்த்திருக்கிறான் பாவம். ஏஎக்ஸ் 201, ஏஎக்ஸ் 211 போன்றவை பாதி மூளையோடு பிறந்தவை. மீதி மூளை அதற்குத் தோதான இன்டெல் சில்லுக்குள் இருக்கிறது. ஏஎம்டியிலும், பழைய இன்டெல் லேப்டாப்களிலும் அந்த மீதி இல்லை. ஏஎக்ஸ் 200, ஏஎக்ஸ் 210 இரண்டும் முழுமையான அட்டைகள். கடைசி இலக்கத்தில் ஒரு வித்தியாசம், உருவத்தில் கிட்டத்தட்ட இல்லை. விற்பவரிடம் 'எல்லா லேப்டாப்புக்கும் பொருந்துமா' என்று கேட்டால் பொருந்தும் என்றுதான் சொல்வார், பொருந்தவும் செய்யும், துளைக்குள்.

பழைய லேப்டாப்களில் மற்றொரு வம்பு: லேப்டாப்பைத் தயாரித்தவர்கள், அதைத் தொடக்கி வைக்கும் பயாஸ் மென்பொருளுக்குள் தாங்கள் அங்கீகரித்த அட்டைகளின் பட்டியலைப் பூட்டி வைத்திருப்பார்கள். பட்டியலில் இல்லாத அட்டையைக் கண்டால் லேப்டாப் தொடங்கவே மறுத்து, அட்டையைக் கழற்று என்று திரையில் எழுதி நிற்கும். பயந்துவிடாதீர்கள், எதுவும் எரியவில்லை. பழைய அட்டையை மாட்டினால் பழையபடி தொடங்கும்.

மாட்டும் வேலையில் சொல்ல அதிகமில்லை, இரண்டைத் தவிர. அடிமூடி திறந்ததும் முதலில் பேட்டரியின் இணைப்பைப் பிடுங்குங்கள். பழகுநராக இருந்த காலத்தில் நான் அதைச் செய்யாமல் அட்டையின் திருகாணியைக் கழற்றினேன். ஆணி கைநழுவி மதர்போர்டில் விழுந்து ஒரு சின்னப் பொறி. அந்த மாதச் சம்பளம் அதோடு போயிற்று. ஆணி எடுத்ததும் அட்டை தானே சற்று எழும்பி நிற்கும், அந்தச் சாய்விலேயே உருவ வேண்டும், புதியதையும் அதே சாய்வில் நுழைத்து அமுக்க வேண்டும்.

இரண்டாவது, வயர் நுனியிலுள்ள பித்தளைத் தொப்பிகள். கடுகளவுதான் இருக்கும். மினி அட்டைகளின் தொப்பியும் எம்.2 அட்டைகளின் தொப்பியும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் பின்னது சிறியது. பெரியதைச் சிறியதன்மேல் வைத்து அமுக்கினால் நடுவிலுள்ள ஊசி வளைந்துவிடும். நேர் மேலே வைத்து, நகத்தால் மெல்ல அழுத்தினால் 'டக்' என்று ஒரு சின்ன ஒலி. ஒலி வராவிட்டால் சரியாக உட்காரவில்லை, எடுத்து மறுபடி வையுங்கள். ஆனால் விளையாட்டாகப் போட்டுப் போட்டு எடுக்காதீர்கள்; இவ்வகைத் தொப்பிகள் 30 முறை அளவுக்குத்தான் தாங்கும். வெள்ளை வயர் முதல் இடத்துக்கு, கறுப்பு இரண்டாவதற்கு என்பதுதான் பெரும்பாலான வழக்கம். அட்டையில் சிறு முக்கோணக் குறியும் இருக்கும். மாற்றி மாட்டினால் குடி முழுகிவிடாது. ஒன்றை மாட்டாமல் விட்டால்தான் ரூட்டர் பக்கத்தில் நன்றாக ஓடி, அடுத்த அறையில் நொண்டும்.

நம் ஊர் ஈரத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜூன் தொடங்கி அக்டோபர் வரை மழை. அட்டையின் தொடுமுனைகளிலும் தொப்பிகளிலும் களிம்பு ஏறும். திஞ்சான் முடிந்த வாரம், அதாவது நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி, பையோடு நனைந்த லேப்டாப்கள் வரிசையில் வரும். தண்ணீர்த் திருவிழாவுக்கு லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு யார் போகச் சொன்னது என்று கேட்க நாக்கு துடிக்கும், கேட்பதில்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, முழுக்க உலர்ந்த பிறகு மாட்டினால் பல அட்டைகள் பிழைத்துக்கொள்ளும்.

அட்டை மாட்டியதும் டிரைவர் வேண்டும், டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். இந்த வட்டத்தில் மாட்டிக்கொண்டு அழைப்பவர்கள் உண்டு. கைபேசியை யுஎஸ்பி வயரால் லேப்டாப்போடு இணைத்து, கைபேசியின் இணையத்தை லேப்டாப்புக்குக் கொடுக்கும் யுஎஸ்பி டெதரிங்கைப் போட்டுவிடுங்கள், போதும். டிரைவரை லேப்டாப் செய்தவரின் தளத்திலோ அட்டை செய்தவரின் தளத்திலோ மட்டும் எடுங்கள். 'எல்லா டிரைவரும் ஒரே சொடுக்கில்' என்று கூவும் மென்பொருள்களை நான் தொடுவதில்லை. வைஃபைக்காக வந்து வைரஸோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அட்டையின் பெயர் தெரியவில்லை என்றால் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் அதன் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள். அதிலுள்ள தயாரிப்பு நிறுவன எண் 8086 என்றிருந்தால் இன்டெல். 1978இல் வந்த தங்கள் சில்லின் பெயரையே எண்ணாக வாங்கிக்கொண்டார்கள், குறும்புக்காரர்கள். அங்கேயே மின்சேமிப்புத் தாவலில், சக்தியை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற குறியை எடுத்துவிட்டால், லேப்டாப் தூங்கி எழுந்ததும் வைஃபை காணாமல் போகும் தொல்லை பலருக்குத் தீரும்.

மிகப் பழைய அட்டைகளுக்கு ரூட்டரின் பூட்டு புரியாது. பூட்டு வகைகளில் டபிள்யூபிஏ2 2004இல் வந்தது, டபிள்யூபிஏ3 2018இல். அதற்காக ரூட்டரை டபிள்யூஇபி என்ற இன்னும் பழைய பூட்டுக்கு இறக்கிவிடச் சொல்பவர்களுக்கு நான் செய்து கொடுப்பதில்லை. அந்தப் பூட்டை உடைக்கும் வழி 2001லேயே வெளியாகிவிட்டது. ஒரு கிழட்டு லேப்டாப்புக்காக வீட்டுக் கதவையே கழற்றி வைப்பதைவிட, அதற்கொரு யுஎஸ்பி வைஃபை வாங்கிக் கொடுப்பது மலிவு. அதை யுஎஸ்பி 3 துளைகளுக்குப் பக்கத்தில் செருகாமல் ஒரு முழ நீட்டிப்பு வயரில் தள்ளி வையுங்கள். யுஎஸ்பி 3 இயங்கும்போது எழும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும்.

கழற்றிய அட்டை உங்கள் பொருள், கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். டீச்சரம்மா அதில் கெட்டிக்காரர். முதலில் கழற்றிய அட்டை, இரண்டாவதாகக் கழற்றியது இரண்டையும் தனாக்கா என்ற பர்மிய முகப்பூச்சின் டப்பா ஒன்றில் பஞ்சு வைத்துக் கொண்டுவந்திருந்தார். என் சோதனை லேப்டாப்பில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். இரண்டும் நன்றாகவே ஓடின. கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வயருக்கு எவ்வளவு கூலி என்று கேட்டார்.