கிகுவுக்குச் செவ்வந்தி, டெய்சிக்கு என்ன?

டோக்கியோவின் எடோகவா பகுதியில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் யார் வீட்டுக்கும் தோட்டம் கிடையாது. சுவருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஒரு சாண் அகலம் மிஞ்சும், அவ்வளவுதான். அந்த ஒரு சாணில் தொட்டிகளை அடுக்கிவிடுகிறார்கள். எதிர்வீட்டுப் பாட்டியின் தொட்டியில் ஒரே செடி, மூன்று தண்டுகள். ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் தேங்காய் மூடி அளவில் ஒரே ஒரு பூ. கனம் தாங்காமல் தலை சாய்ந்துவிடும் என்பதால் பூவுக்கு அடியில் வெள்ளைக் கம்பி வளையம் ஒன்று தாங்கிக்கொண்டிருக்கிறது. பின்னால் உயரமாக நிற்கும் தண்டுக்கு வானம் என்று பெயர். முன்னால் உள்ள இரண்டும் பூமி, மனிதன். நவம்பர் தொடக்கத்தில் இவை முழுதாக விரியும். அரண்மனைத் தோட்டமாக இருந்த ஷின்ஜுகு கியோஎன் பூங்காவில் கண்காட்சி வைப்பதும் அந்த நாள்களில்தான்.

இங்கே பள்ளிக்கூடம் போகும் என் மகள் அந்தத் தொட்டியைக் காட்டி, "அப்பா, கிகுவுக்குத் தமிழில் என்ன?" என்று கேட்டாள். செவ்வந்தி என்றேன். "அப்படியானால் ஹினாகிகுவுக்கு?" டெய்சி என்றேன். "அது இங்கிலீஷ்" என்றாள். சரிதான். அன்று மாட்டிக்கொண்டதன் விளைவு இந்தக் குறிப்பு.

முதலில் கிகு. இரண்டு ககரங்களையும் வல்லொலியாகவே வாசிக்க வேண்டும். நியாயமாகக் கிக்கு என்றுதான் எழுதியிருக்க வேண்டும், ஆனால் நம் ஊரில் அதற்கு வேறு பொருள் வந்துவிடும். முன்னால் ஒட்டு ஏதும் வந்து சேர்ந்தால் முதல் ககரம் தங்கம் என்பதில் வரும் ககரம்போல மென்மையாகிவிடும். எழுத்தில் மாற்றிக் காட்டாவிட்டாலும் தமிழ் வாய்க்கு அது தானாகவே வரும்.

கிகு ஜப்பானியச் சொல் அல்ல. ஜப்பானியர் எழுதப் பயன்படுத்தும் சீன எழுத்துகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வகை ஒலிப்புகள் இருக்கும். ஒன்று சீனத்திலிருந்து வந்தது, மற்றது அந்தப் பொருளுக்கு ஜப்பானியர் ஏற்கெனவே வைத்திருந்த பெயர். கிகுவுக்கு இரண்டாவது கிடையாது. பூவும் பெயரும் ஒரே கப்பலில் சீனாவிலிருந்து வந்து இறங்கின. எழுத்தைக் கூர்ந்து பார்த்தால் மேலே புல்பூண்டைக் குறிக்கும் உரு, கீழே ஒரு வளைவு, வளைவுக்குள் அரிசியைக் குறிக்கும் உரு. கீழ்ப்பாதிக்கு இரு கைகளாலும் அள்ளுதல் என்று பொருள். குவித்த கைகளில் அரிசியை அள்ளியதுபோல் இதழ்கள் நெருங்கிக் கிடக்கும் பூ. பாட்டியின் தொட்டியைப் பார்த்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

8ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மன்யோஷு என்ற ஜப்பானியப் பாடல் தொகுப்பில் ஏறத்தாழ 4500 பாடல்கள் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட செடிகொடிகள் அவற்றில் வருகின்றன. கிகு ஒரு பாட்டிலும் இல்லை. இன்று ஜப்பானியப் பாஸ்போர்ட்டின் அட்டையில் 16 இதழோடு இருப்பது அதுதான், 50 யென் நாணயத்தில் இருப்பதும் அதுதான். 1200ஐ ஒட்டி வாழ்ந்த கோ தொபா என்ற பேரரசர் இந்தப் பூவின்மேல் பித்தாக இருந்தார், அரச முத்திரையாக அது நிலைத்தது அவரிலிருந்துதான் என்பார்கள். அதற்கு முன்பே அரண்மனைப் பெண்கள் ஒன்பதாம் மாதம் எட்டாம் நாள் இரவில் கிகுப் பூக்களின்மேல் பஞ்சைப் போர்த்திவைத்து, மறுநாள் காலை பனி ஊறிய அந்தப் பஞ்சால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். முதுமை விலகும் என்று நம்பிக்கை.

நம் பக்கமும் இதே கதைதான் என்பதை மகளுக்குப் பதில் தேடியபோதுதான் கவனித்தேன். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்குகிறார். செருந்தி இருக்கிறது, செங்கொடுவேரி இருக்கிறது, ஆவிரை இருக்கிறது, தும்பைகூட இருக்கிறது. செவ்வந்தி இல்லை. இன்று கோயில் வாசலில் முழக்கணக்கில் விற்கும் பூ, கபிலரின் பட்டியலில் இல்லை. திருச்சி தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்று பெயர், அத்தலத்தின் புராணமே செவ்வந்திப் புராணம்தான். ஆகவே சொல் நேற்று வந்ததும் அல்ல.

செவ்வந்தி என்றதும் செம்மை, அந்தி என்று பிரித்துச் செக்கர் வானத்தைக் காட்டுவது வழக்கம். கேட்க அழகாக இருக்கிறது, எனக்கு நம்பிக்கை இல்லை. அந்திமந்தாரை அந்தியில் மலர்கிறது, பெயருக்குப் பொருத்தம். செவ்வந்தி அந்தியை எதிர்பார்த்து மலர்வதில்லை. நம் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி சிவப்பும் இல்லை, மஞ்சளும் வெள்ளையும்தான். அக்கம்பக்கத்தை விசாரித்தால் மராத்தியில் ஷேவந்தி, கன்னடத்தில் சேவந்திகெ, தெலுங்கில் சாமந்தி. தக்காணம் முழுக்கச் சுற்றிவந்த ஒரு சொல், தமிழ்க் காதுக்குள் நுழையும்போது செவ்வானத்தின் சாயலை ஏற்றுக்கொண்டது என்பதே என் கணிப்பு. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் புழங்கும் சாமந்தியும் அதன் உடன்பிறப்புதான். எது சரி என்று சண்டை போட வேண்டியதில்லை. நான் செவ்வந்தி என்று சொல்லி வளர்ந்தவன், அதையே எழுதுகிறேன்.

கிரைசாந்தமம் என்ற ஐரோப்பியப் பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது, பொன்மலர் என்று பொருள். அதை அப்படியே பெயர்த்துப் பொன்மலர் என்று வைத்துக்கொண்டால் வெள்ளைப் பூவைப் பொன் என்று அழைக்க வேண்டியிருக்கும். கையில் செவ்வந்தி இருக்கும்போது அது எதற்கு? தாவரவியலாளர்களே இந்தப் பெயரோடு பட்ட பாடு தனி. ஒரு கட்டத்தில் தோட்டத்துச் செவ்வந்தியைத் தூக்கி வேறு பேரினத்தில் போட்டார்கள். பூ வளர்ப்பவர்கள் ஏற்கவில்லை. 1990களில் பழைய பெயரையே திருப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு வேடிக்கை: சீனா, ஜப்பான் பக்கத்துக் காட்டுச் செவ்வந்தி ஒன்றுக்கு தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர் இண்டிகம், அதாவது இந்தியாவுக்குரியது.

அகராதி சொல்லாத ஒரு பொருளும் கிகுவுக்கு உண்டு. முதல் வருடம் சரஸ்வதி பூஜைக்குப் பூ தேடி சூப்பர் மார்க்கெட் போனேன். வாசலருகே வாளியில் மஞ்சளும் வெள்ளையுமாகக் கிகு, உயரத்துக்கு ஏற்ப அடுக்கிக் கட்டிய கொத்துகள், இரண்டு இரண்டாக. நம் ஊர்ப் பூ கிடைத்துவிட்டது என்று மகிழ்ச்சியாக வாங்கிவந்தேன். லிஃப்டில் பார்த்த பக்கத்து வீட்டு அம்மாள் குரலைத் தாழ்த்தி, கல்லறைக்குப் போகிறீர்களா என்று கேட்டார். இறந்தவர்களுக்கும் வீட்டிலுள்ள புத்தர் மாடத்துக்கும் வைப்பதற்கென்றே கட்டிய கொத்து அது. நோயாளியைப் பார்க்கப் போகும்போது கிகு கொண்டுபோனால் கேட்கவே வேண்டாம். நாம் சடைநுனியிலும் பஸ்ஸின் முன்கண்ணாடியிலும் தொங்கவிடும் பூ இங்கே கருப்பு உடையோடு சேர்ந்தது. இதற்காக வருடம் முழுக்கப் பூ வேண்டும் அல்லவா? இரவு நீண்டால்தான் செவ்வந்தி மொட்டு வைக்கும். அதனால் ஐச்சி மாநிலத்தின் அட்சுமித் தீபகற்பத்தில் கண்ணாடிக் குடில்களில் இரவில் விளக்கெரித்துச் செடியை ஏமாற்றி, வேண்டிய நாளில் பூக்க வைக்கிறார்கள்.

இனி டெய்சி. பழைய ஆங்கிலத்தில் 'பகலின் கண்' என்பதே தேய்ந்து டெய்சி ஆயிற்று. விடிந்தால் விரியும், இருட்டினால் மூடிக்கொள்ளும் சின்னப் புல்வெளிப் பூ. ஐரோப்பாவிலிருந்து மெய்ஜி காலத்தில் (1868–1912) ஜப்பானுக்கு வந்தது. வந்த அன்னியப் பூவைப் பார்த்தவர்கள் அகராதியைப் புரட்டிப் பகல், கண் என்று பெயர்த்துக்கொண்டிருக்கவில்லை. நடுவில் மஞ்சள் வட்டம், சுற்றிலும் இதழ்கள், இது கிகுவின் சாதி என்று கண்டுகொண்டார்கள். ஹினா என்றால் குஞ்சு, மார்ச் மாதத்தில் பெண் குழந்தைகளுக்காக வீட்டில் அடுக்கும் பொம்மைக்கும் அதே பெயர். ஹினாகிகு, குஞ்சுக் கிகு. தாவரவியலும் அதையே சொல்கிறது, இரண்டும் ஒரே குடும்பம். நாம் இதழ் என்று பிய்ப்பது ஒவ்வொன்றும் தனிப் பூ, நடுவட்டத்தில் இருப்பவையும் நுண்பூக்கள்.

இந்த ஒட்டுவேலை ஜப்பானியருக்குக் கைவந்த கலை. வயல் வரப்பில் தானாகப் பூப்பவை எல்லாம் நோகிகு. வசந்தத்தில் பூக்கும் கீரை ஷுங்கிகு. பூச்சியை விரட்டுவது ஜோச்சூகிகு. கடைசியாகச் சொன்னது நமக்கும் பழக்கமானதுதான், பெயர் மட்டும் தெரியாது. வகயாமாவைச் சேர்ந்த உயெயாமா எய்இச்சிரோ அந்தப் பூவைப் பொடித்து 1890இல் ஊதுவத்தி செய்தார். குச்சி சீக்கிரம் எரிந்து தீர்ந்தது. சுருளாகச் சுற்றலாம் என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி. 1902இல் சுருள் விற்பனைக்கு வந்தது. நம் வீடுகளில் கட்டிலுக்கடியில் புகையும் கொசுவத்திச் சுருளின் மூதாதை ஒரு செவ்வந்தி.

தமிழிலும் இந்த வழி புதிதல்ல. மெக்சிகோவிலிருந்து வந்த கேந்திப் பூவைத் துலுக்கச் சாமந்தி என்று பெயரிட்டுச் சேர்த்துக்கொண்டவர்கள்தானே நாம். சிறுகீரை, சிறுநெருஞ்சில், சிறுகுறிஞ்சான் என்ற வரிசையும் இருக்கிறது. ஆகவே டெய்சிக்குச் சிறுசெவ்வந்தி என்பேன். பகல்விழி என்று யாராவது எழுதினால் கவிதைக்கு ஆகும், நாற்றுப்பண்ணையில் கேட்டால் கிடைக்காது. நோகிகுவுக்குக் காட்டுச் செவ்வந்தி, ஷுங்கிகுவுக்குக் கீரைச் செவ்வந்தி. டெய்சி என்றே சொல்கிறவர்கள் சொல்லட்டும், அது தமிழ்நாட்டில் மனிதர் பெயராகவே வேரூன்றிவிட்டது.

மகளிடம் சிறுசெவ்வந்தி என்றேன். ஏற்றுக்கொண்டாள். ஆனால் ஏப்ரலில் அவள் எனக்குக் காட்டிய பூ ஹினாகிகுவே அல்ல. பாட்டி வீட்டுச் சுவரடி விரிசலில் முளைத்த களை. நூல்போல மெல்லிய இதழ்கள், வெளிர்சிவப்பு ஓடிய வெள்ளை, மொட்டுகள் தலை கவிழ்ந்திருக்கும். தண்டை ஒடித்தால் உள்ளே குழல். வட அமெரிக்காவிலிருந்து வந்த ஹருஜியோன். ஜூனில் இதே இடத்தில் இதன் சகோதரி ஹிமெஜோவோன் வரும், அதன் தண்டு கெட்டி, மொட்டு நிமிர்ந்திருக்கும். இவற்றுக்குத் தெருவில் வழங்கும் பெயர் பிம்போகுசா, ஏழ்மைப் பூண்டு. இதற்குச் செவ்வந்தி ஒட்டு வேண்டாம். வெட்டுக்காயப் பூண்டைத் தாத்தாப்பூ என்று சொல்லி, காம்பைச் சுண்டித் தலையைத் தெறிக்கவிட்ட ஊர் நம்முடையது. அந்த விளையாட்டை மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் நான்காவது தலையைத் தெறிக்கவிட்டபோது பாட்டி ஜன்னலைத் திறந்து, "அதைப் பறித்தால் ஏழையாகிவிடுவாய், குழந்தை" என்றார்.