அழவில்லை என்பதற்காகக் குழந்தை பொய் சொல்வதாக ஆகிவிடாது

போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) வழக்குகளில் குழந்தைகளுக்குத் துணையாக நீதிமன்றம் செல்லும் உளவியல் ஆலோசகர் என்ற முறையில், நான் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன வாதம் ஒன்று உண்டு: "குழந்தை அழவே இல்லை, தேதியைக்கூடச் சொல்லத் தெரியவில்லை, எனவே யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்." அண்மையில் ஒரு சிறுமியின் குறுக்கு விசாரணையிலும் இதையே கேட்க நேர்ந்ததால்தான் எழுதுகிறேன்.

பேரச்சத்துக்கு ஆளான பிள்ளைகளில் சிலர் கதறுவார்கள். சிலர் உணர்வு மரத்துப்போய், பக்கத்து வீட்டுச் செய்தியைப் போல நடந்ததைச் சொல்வார்கள். பதற்றத்தில் சிரித்துவிடுகிறவர்களும் உண்டு. மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப நடந்த கொடுமையில் ஒரு நாள் இன்னொரு நாளோடு கலந்துவிடும் என்பதால், எட்டு வயதுப் பிள்ளையிடம் தேதியும் மணியும் கேட்பது வீண். அதே பிள்ளைக்குக் கதவின் தாழ்ப்பாள் ஓசையும் அந்த ஆளின் சட்டை நிறமும் தெளிவாக நினைவிருக்கக்கூடும். தாமதமாகச் சொன்னதும் பொய்க்குச் சான்றாகாது. பெரும்பாலான வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் உறவினராகவோ தெரிந்தவராகவோ இருக்கும்போது, குழந்தை யாரிடம் போய் உடனே சொல்லும்?

சட்டம் இதையெல்லாம் உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 33ஆவது பிரிவின்படி, இரு தரப்பு வழக்கறிஞர்களும் கேள்விகளை நீதிபதியிடம் தர வேண்டும். குழந்தையிடம் கேட்பவர் நீதிபதியே. அடிக்கடி இடைவேளை தருவதும், மிரட்டும் தொனியிலான கேள்விகளைத் தடுப்பதும் அதே பிரிவு நீதிமன்றத்துக்கு விதிக்கும் கடமைகள். குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது என்கிறது 36ஆவது பிரிவு. ஆனால் உள்ளே திரையைக் கட்டிவிட்டு, வெளியே ஒரே தாழ்வாரத்தில் இரு தரப்பையும் காலை முதல் காத்திருக்க வைத்தால் அந்தத் திரையால் என்ன பயன்? குழந்தைகளைப் போன்ற, எளிதில் பாதிக்கப்படத்தக்க சாட்சிகளுக்கான தனி மையங்களை எல்லா மாவட்டங்களிலும் அமைக்கும்படி 2022இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும் இதற்காகத்தான். வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்ற 30 நாட்களுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 35ஆவது பிரிவு சொல்லியிருக்க, வாய்தா மேல் வாய்தா வாங்குவது, மறக்க முயலும் பிள்ளையை ஒவ்வொரு முறையும் பழைய இடத்துக்கே இழுத்துச் செல்கிறது.

குறுக்கு விசாரணை செய்யும் உரிமையை யாரும் மறுக்கவில்லை. வழக்கறிஞர்களே, ஒரு கேள்வியில் ஒன்றை மட்டும் கேளுங்கள். "அப்படி நடக்கவில்லை என்பது சரியில்லைதானே" போன்ற கேள்விகளுக்குப் பெரியவர்களாலேயே பதில் சொல்ல முடியாது. நீதிபதிகளிடம் என் பணிவான வேண்டுகோள்: குழந்தை திடீரென மௌனமானால், அதைப் பிறழ்சாட்சியம் (முன்பு சொன்னதிலிருந்து மாறுவது) என்று கருதும் முன் பத்து நிமிடம் இடைவேளை விடுங்கள்.

பெற்றோர் தயவுசெய்து வீட்டில் ஒத்திகை பார்க்க வேண்டாம். மனப்பாடம் செய்த சொற்கள்தான் "சொல்லிக் கொடுத்தது" என்ற வாதத்துக்கு வலுச் சேர்க்கின்றன. அதற்குப் பதிலாக, விசாரணை நாளுக்குக் காத்திராமல், குழந்தைகள் நலக் குழுவை அணுகி, வழக்கு முடியும்வரை உடனிருக்கும் ஆதரவு நபர் ஒருவரை இப்போதே கேட்டுப் பெறுங்கள்.