படம் இருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை

பழைய லேப்டாப்பை இயக்கினால் விசிறி சுற்றுகிறது, ஹார்ட் டிஸ்க் ஓடுகிறது, விண்டோஸ் தொடங்கும் ஓசைகூடக் கேட்கிறது. திரை மட்டும் இருட்டாகவே கிடக்கிறது. கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "டிஸ்ப்ளே போச்சு சார், பேனல் மாத்தணும்." சில நேரம் அது உண்மைதான். ஆனால் பேனல் நன்றாக இருக்கும்போதே அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுவதும், மாட்டிய பிறகும் இருட்டு விலகாமல் இருப்பதும் அவ்வளவு அபூர்வமில்லை. திரை என்பது ஒற்றைப் பொருள் அல்ல. படத்தை உருவாக்குவது ஒன்று, அதற்கு வெளிச்சம் கொடுப்பது இன்னொன்று, இரண்டையும் மதர்போர்டோடு இணைப்பது மூன்றாவது. எது போயிற்று என்று தெரிந்துகொள்ள ஒரு டார்ச்சும் ஒரு வெளி மானிட்டரும் பெரும்பாலும் போதும்.

எல்சிடி, அதாவது திரவப் படிகத் திரை, தானாக ஒளிர்வதில்லை. தோல்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னால் விளக்கு எரியும், பாவைகள் அந்த ஒளியை மறைத்தும் விட்டும் உருவம் காட்டும். விளக்கு அணைந்தாலும் பாவைகள் ஆடிக்கொண்டேதான் இருக்கும், பார்ப்பவருக்குத்தான் எதுவும் தெரியாது. லேப்டாப் திரையிலும் இதுவே நடக்கிறது.

இங்கே பாவையின் வேலையைச் செய்வது திரவப் படிகம். 1888 இல் பிராக் நகரில் ஃபிரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர், கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்ட்ராலை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதிலிருந்து செய்த ஒரு சேர்மம் 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது, 178.5 டிகிரியில்தான் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா என்ற குழப்பத்திலிருந்துதான் திரவப் படிகம் உலகுக்குத் தெரியவந்தது. அதைத் திரையாக்க இன்னும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1970 இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், ஹாஃப்மன் லா ரோஷ் என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில், மார்ட்டின் ஷாட், வோல்ஃப்காங் ஹெல்ஃப்ரிஷ் இருவரும் ஒரு வழி கண்டார்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே திரவப் படிக மூலக்கூறுகளை 90 டிகிரி முறுக்கி நிறுத்தினால், கடந்து செல்லும் ஒளியின் அதிர்வுத் தளமும் கூடவே திரும்பும். முன்னும் பின்னும் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போலரைசர் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) வைத்திருப்பதால், திரும்பிய ஒளி வெளியே வந்துவிடும். மின்னழுத்தம் கொடுத்தால் முறுக்கு அவிழும், ஒளி தடைபடும். பழைய லேப்டாப்களில் பெரும்பாலானவை இந்த வகைத் திரைகள்தான்.

இதில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்: மின்னழுத்தம் இல்லாதபோது இந்தத் திரை ஒளியை விடுகிறது, மறைப்பதற்குத்தான் மின்சாரம் வேண்டும்.

இனி டார்ச் சோதனை. லேப்டாப்பை இயக்கி, டெஸ்க்டாப் வந்திருக்கும் என்று தோன்றும் வரை காத்திருங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். ஐகான்களின் நிழலோ சுட்டியின் அசைவோ மங்கலாகத் தெரிந்தால், பேனல் படத்தை உருவாக்கிக்கொண்டிருக்கிறது, பின்விளக்குதான் எரியவில்லை. அந்தப் படம் ஏன் அவ்வளவு மங்கல்? போலரைசர்கள், நிற வடிகட்டிகள், நுண்ணிய மின்பாதைகள் எல்லாவற்றையும் தாண்டி வருவதற்குள் பின்விளக்கின் ஒளியில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சுவதில்லை. டார்ச் ஒளியோ முன்பக்கமாக உள்ளே போய், பின்னாலுள்ள வெள்ளைத் தாளில் பட்டு, மறுபடி அதே வழியில் திரும்பி வர வேண்டும். முதல் தடவை எதுவும் தெரியவில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து இருக்கும் பக்கத்தில் கொஞ்சம் எளிதாகத் தெரியும்.

விளக்கு எரியவில்லை என்று உறுதியானதும் ஸ்குரூ டிரைவரைத் தேட வேண்டாம். மூடியை மூடினால் திரையை அணைக்க ஒரு சுவிட்ச் உண்டு. மிகப் பழைய மாடல்களில் அது கீலுக்கு அருகே ஒரு சிறு பொத்தான், தூசி அடைத்து அமுங்கியபடியே நின்றுவிடும். பின்னர் வந்தவற்றில் மூடியில் ஒரு காந்தமும் கீழ்ப்பகுதியில் காந்தத்தை உணரும் சென்சாரும் இருக்கும். காந்தம் வைத்த போன் உறையைக் கைவைக்கும் இடத்தில் போட்டாலே சில லேப்டாப்கள் மூடி மூடிவிட்டதாக நினைத்துத் திரையை அணைத்துவிடும். ஒளி அளவு மிகக் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதற்கெல்லாம் காசு செலவில்லை.

இவற்றில் குறையில்லை என்றால், விளக்கு எந்த வகை என்பதைப் பொறுத்துப் பாதை பிரிகிறது. ஏறக்குறைய 2010 வரை வந்த லேப்டாப்களில் திரையின் கீழ் விளிம்பில் 2 மில்லிமீட்டர் அளவே விட்டமுள்ள ஒரு கண்ணாடிக் குழல் விளக்கு இருக்கும். உள்ளே நியான், ஆர்கான் வாயுக்களும் சிறிது பாதரசமும். பாதரச ஆவி வெளியிடும் புற ஊதாக் கதிர், குழலின் உட்பூச்சில் பட்டு வெள்ளை ஒளியாக மாறும். பல நூறு வோல்ட் மாறுதிசை மின்னோட்டம் இருந்தால்தான் இது எரியும். பற்றவைக்கும் கணத்தில் ஆயிரம் வோல்ட்டையும் தாண்ட வேண்டும். லேப்டாப்பில் இருப்பதோ இருபது வோல்ட்டுக்கும் குறைவான நேர்த்திசை மின்னோட்டம். அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை திசைமாற்றி, சிறு மின்மாற்றியால் உயர்த்திக் கொடுப்பது இன்வெர்ட்டர் என்ற ஒல்லியான பலகை. பெரும்பாலும் திரைச் சட்டத்தின் அடியில், குழலுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

குழல் போயிற்றா, இன்வெர்ட்டர் போயிற்றா? கவனித்துப் பார்த்தால் குழல் தன் வயதைச் சொல்லிவிடும். தேய்ந்த குழலில் செயல்படும் பாதரசம் குறைந்துவிடுவதால் நியானின் செந்நிறம் மேலோங்கும். இயக்கியதும் திரை இளஞ்சிவப்பாகத் தெரிந்து, சூடேறிய பிறகே வெள்ளைக்கு வரும். நாளாக ஆக அந்தச் சிவப்பு நீடிக்கும். இன்னோர் அறிகுறி, திரை ஓரிரு நொடி ஒளிர்ந்து சட்டென்று அணைவது. குழலில் ஓடும் மின்னோட்டம் சரியில்லை என்று கண்டால் பாதுகாப்புக்காக இன்வெர்ட்டரே தன்னை நிறுத்திக்கொள்கிறது. இந்த அறிகுறியில் குற்றவாளி இருவரில் யாராகவும் இருக்கலாம். சிவப்பே தெரியாமல், ஒருநாள் திடீரென்று முழு இருட்டு என்றால் என் சந்தேகம் முதலில் இன்வெர்ட்டர் மேல்தான். அது விலை குறைவு, இரண்டு கனெக்டர்களைக் கழற்றினால் மாற்றிவிடலாம். லேப்டாப் இயங்கும்போது மட்டும் அதைத் தொடாதீர்கள், அந்த உயர் மின்னழுத்தம் சுட்டுவிடும். குழலை மட்டும் மாற்றும் வேலை வேறு ரகம். பேனலைப் பிரித்து, முடிபோன்ற கம்பிகளைச் சால்டர் செய்து, உடையாமல் உள்ளே நுழைக்க வேண்டும், உடைந்தால் பாதரசம். நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். நல்ல பழைய பேனல் கிடைத்தால் அதுவே மேல்.

எல்இடி விளக்குகள் வந்ததும் இன்வெர்ட்டர் மறைந்தது. ஆப்பிள் 2007 ஜூனில் 15 அங்குல மேக்புக் ப்ரோவில் எல்இடிக்கு மாறியது, அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் மற்றவர்களும் மாறிவிட்டார்கள். 2011 இல் தமிழக அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது குழல் விளக்குக் காலம் ஏறக்குறைய முடிந்திருந்தது. பரணில் கிடப்பது அந்த லேப்டாப் என்றால் உள்ளே இருப்பது அநேகமாக எல்இடிதான். இதில் விளக்கை இயக்கும் சுற்று பேனலின் பின்பக்கப் பலகையிலேயே இருக்கும், அதில் கடுகளவு ஃபியூஸ் ஒன்றும் உண்டு. அந்த ஃபியூஸ் மட்டும் போயிருந்தால், சிப் லெவல் வேலை தெரிந்தவர் மல்டிமீட்டரை வைத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

அடுத்து கேபிள். பழைய லேப்டாப்பில் என்னுடைய முதல் சந்தேகநபர் இதுதான். மதர்போர்டிலிருந்து கீலைச் சுற்றி மேலே ஏறும் இந்தக் கேபிள், மூடியைத் திறக்கும்போதும் மூடும்போதும் வளைகிறது. எண்ணெய்ப் பசை வற்றிக் கீல் இறுகிவிட்டால், அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் விரிசல் விட்டு, கேபிளையும் சேர்த்து இழுக்கும். மூடியை மெல்ல முன்னும் பின்னும் சாய்க்கும்போது படம் வந்து வந்து போனால் வேறு சோதனையே வேண்டாம், கேபிள்தான். வடிவமைப்பிலேயே இந்தப் பிழை நேர்ந்ததும் உண்டு. 2016 இல் வந்த மேக்புக் ப்ரோவில் பின்விளக்குக் கேபிள் கொஞ்சம் குட்டையாக இருந்ததால் திறந்து மூடித் தேய்ந்து, திரையின் அடியில் மேடை விளக்குகள்போல் ஒளித்திட்டுகள் தோன்றின. 2018 மாடலில் கேபிள் சுமார் 2 மில்லிமீட்டர் நீண்டது. 2019 மே மாதம் ஆப்பிள் 13 அங்குல மாடலுக்கு இலவசப் பழுதுபார்ப்பை அறிவித்தது.

கேபிளுக்குள் படம் பயணிக்கும் விதம் சுவையானது. பழைய லேப்டாப்களில் எல்விடிஎஸ் என்ற முறை. ஒவ்வொரு தகவலும் ஒரு ஜோடிக் கம்பியில் எதிரெதிராகப் போகிறது: ஒன்றில் மின்னழுத்தம் ஏறினால் மற்றதில் இறங்கும். பெறும் முனை இரண்டின் வித்தியாசத்தை மட்டுமே பார்க்கிறது, அதுவும் சுமார் 0.35 வோல்ட்தான். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரு கம்பிகளையும் ஒரே அளவில் பாதிப்பதால் வித்தியாசம் கெடுவதில்லை. சாதாரணத் திரைக்குத் தகவலுக்கு மூன்று ஜோடி, நேரம் காட்டும் கடிகாரத் துடிப்புக்கு ஒரு ஜோடி. முதல் ஜோடியில் சிவப்பின் அளவைச் சொல்லும் ஆறு பிட்டுகளும் (0, 1 என்ற இலக்கங்கள்) பச்சையின் கடைசி பிட்டும் போகின்றன. இரண்டாவதில் பச்சையின் மிச்சமும் நீலத்தின் இரண்டு பிட்டுகளும். மூன்றாவதில் மீதி நீலமும், வரி எங்கே தொடங்குகிறது, ஒரு முழுப் படம் எங்கே முடிகிறது என்று சொல்லும் சைகைகளும். எனவே படம் சரியாக இருந்தும் சிவப்பு மட்டும் குளறுபடியானால் முதல் ஜோடியில் கம்பி அறுந்திருக்கலாம். மூன்றாவது ஜோடியோ கடிகார ஜோடியோ அறுந்தால் படமே நிலைக்காது. நிறம் கெட்டுப்போன திரையைப் பார்த்துப் பேனல் போச்சு என்பவர் இதை யோசித்திருக்கமாட்டார்.

திரை முழுக்க வெள்ளையாக எரிந்தால்? மறைப்பதற்குத்தான் மின்சாரம் வேண்டும் என்று பார்த்தோம். விளக்கு எரிகிறது, ஆனால் பேனலின் மின்னணுச் சுற்றுக்கு மின்சாரமோ தகவலோ வரவில்லை. எல்லாப் புள்ளிகளும் திறந்தபடி நிற்கின்றன. கனெக்டர் நழுவியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மேலிருந்து கீழ்வரை நிலையாக நிற்கும் கோடுகள் மட்டும் பெரும்பாலும் உண்மையிலேயே பேனலின் நோய். 1366 × 768 திரையில் புள்ளிக்கு மூன்று வீதம் 31 லட்சத்துக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அவற்றை இயக்கும் சிப்புகளைக் கண்ணாடி விளிம்போடு இணைப்பது மின்கடத்தும் துகள்கள் கலந்த ஒட்டுப்படலம். அது விட்டுப்போனால் ஒரு நெடுவரிசையே செத்துவிடும். விளிம்பை லேசாக அழுத்தினால் கோடு மறைந்து மீண்டும் வரும். இதை ஒட்டவைக்கத் தனி இயந்திரம் வேண்டும். பேனலை மாற்றுவதுதான் வழி.

கடைசியாக வெளி மானிட்டர். விஜிஏ அல்லது எச்டிஎம்ஐ வழியாக இணைத்து, விண்டோஸ் விசையோடு பி-யை அழுத்திப் பாருங்கள். வெளியே படம் சுத்தமாக வந்தால், படத்தைக் கணக்கிட்டு அனுப்பும் கிராஃபிக்ஸ் சிப் நலம். அங்கேயும் அதே கோடுகளும் கட்டங்களும் வந்தால் பேனலுக்குச் சம்பந்தமே இல்லை. இரண்டிலும் ஒன்றுமே வராவிட்டால் பேட்டரியைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்தி, ராம் நினைவகத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். டெல் லேப்டாப் என்றால் டி விசையை அழுத்தியபடி இயக்கினால், கிராஃபிக்ஸ் சிப்பின் உதவியில்லாமல் பேனல் தானே சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறங்களைக் காட்டும் வசதி பல மாடல்களில் உண்டு. மற்ற நிறுவனங்களும் இதைக் கட்டாயமாக்கியிருக்கலாம்.

கிராஃபிக்ஸ் சிப் பழுதுக்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. 2008 ஜூலையில் கிராஃபிக்ஸ் சிப் நிறுவனமான என்விடியா, தன் லேப்டாப் சிப்புகள் சிலவற்றின் உறைப்பொருள் பலவீனமானது என்று ஒப்புக்கொண்டு, பழுதுச் செலவுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சிலிக்கனுக்கும் அதைத் தாங்கும் அட்டைக்கும் நடுவே நுண்ணிய சால்டர் குமிழ்கள் இருக்கும். சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் குமிழ்கள் விரிசல் விட்டன. அப்போதுதான் மதர்போர்டைச் சமையல் ஓவனில் வைத்துச் சுட்டால் சரியாகிவிடும் என்ற வைத்தியம் பரவியது. சரியாகவும் செய்தது, சில நாட்களுக்கு. ஓவன் சுமார் 200 டிகிரி. ஈயமில்லாச் சால்டர் உருகவோ 217 டிகிரியாவது வேண்டும். எதுவும் உருகவில்லை. சூட்டில் விரிந்து, விரிசலின் இரு கரைகளும் தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டன, அவ்வளவே. சமைக்கிற ஓவனில் மதர்போர்டின் புகையை ஏற்ற அது போதுமான காரணமில்லை. கடையில் ரீபால் செய்வதும் (சிப்பைக் கழற்றிப் புதுச் சால்டர் குண்டுகள் வைத்து மாட்டுவது) சிப் உறைக்கு அடியிலுள்ள குண்டுகளைத்தான் புதுப்பிக்கும், உள்ளேயுள்ள குமிழ்களை அல்ல.

பேனலைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவானால், அதன் முதுகிலுள்ள ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பி156, எல்பி156, எல்டிஎன்156, என்156 என்று தொடங்கும் எண்களில் 156 என்பது 15.6 அங்குலம். அளவு ஒத்தால் மட்டும் போதாது, கனெக்டர் 30 பின்னா 40 பின்னா, எந்தப் பக்கம், ஸ்குரூ காதுகள் எங்கே என்பதும் ஒத்துப்போக வேண்டும். மாட்டுவதற்கு முன் சார்ஜரை மட்டுமல்ல, பேட்டரியையும் கழற்றுங்கள். எல்இடி பேனலின் கனெக்டரில் விளக்குக்கான சற்று கூடுதலான மின்னழுத்தமும் பேனல் சுற்றுக்கான 3.3 வோல்ட்டும் சில பின்கள் இடைவெளியில்தான் இருக்கின்றன. பேட்டரி இருக்கும்போது கனெக்டர் அரை மில்லிமீட்டர் சாய்ந்து நுழைந்தால் புதுப் பேனலின் ஃபியூஸ் போகலாம், சில நேரம் மதர்போர்டும் கூடவே போகும்.